திராட்சை நோய் என்று நான் சொன்ன ஒன்றரை நாள்

மருத்துவர் ஒரு கேள்வி கேட்டால், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், பக்கத்தில் யார் நின்றாலும், உண்மையைச் சொல்லிவிடுங்கள். இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான். எனக்கு இது புரிய ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளை என் மகளின் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

நான் சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. என் கணவருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். ஒரே மகள் கார்த்திகா, இருபத்தேழு வயது. வெளிமாநிலத்தில் ஓர் ஆய்வகத்தில் வைரஸ் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அவள் எடுத்துக்கொண்ட வைரஸின் பெயர் ஹெர்பிஸ்.

அது ஒரே வைரஸ் அல்ல, பெரிய குடும்பம். சின்னம்மை அந்தக் குடும்பம். இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் போட்டால் நம் பக்கம் அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் எழுதிக்கொண்டு வருகிறோமே, அதுவும் அந்தக் குடும்பம்தான். காய்ச்சல் விட்ட பிறகு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வருமே, அது அந்தக் குடும்பத்தில் இன்னொன்று. கார்த்திகா படிப்பது இந்த உதட்டுக்காரனை. அது நம் செல்லுக்குள் புகுந்து எப்படிக் காரியம் சாதித்துக்கொள்கிறது என்பதுதான் அவள் கேள்வி.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறையில், சாப்பிடும்போது அவள் அப்பா கேட்டார்.

“ஏத்தா, இத்தனை வருசமா ஒரே பூச்சியப் பாத்துக்கிட்டு இருக்கியே, அது அம்புட்டுப் பெரிய ஆளா?”

“பூச்சி இல்லப்பா. அதுக்குத் தன்னால ஒண்ணுமே செய்யத் தெரியாது. நடக்கத் தெரியாது, தின்னத் தெரியாது, குட்டி போடத் தெரியாது. நம்ம நரம்புக்குள்ள தண்டவாளம் மாதிரி பாதை இருக்கு. அதுல சரக்கு இழுத்துட்டுப் போற வண்டிக இருக்கு, எல்லாம் நம்ம உடம்போடது. இது அந்த வண்டியில தொத்திக்கிட்டு செல்லோட நடுவுக்குப் போயிரும். போனதும், ‘உன் வேலைய நிறுத்து, என்னைய மாதிரி ஆயிரம் செய்யி’ன்னு சொல்லும். செல்லு செய்யும்.”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “அப்ப நம்ம மோட்டாரு, நம்ம கெணத்துத் தண்ணி, ஆனா பாயிறது அடுத்தவன் தோட்டத்துக்கு.”

“அதேதான்ப்பா. என்னோட நூறு பக்கத்தை ஒத்த வரியில சொல்லிட்ட.”

“அப்ப அவனுக்கும் சேத்து நம்மதான் பியூசு போடணும்” என்றார் அவர். நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்று அது எங்களுக்குச் சிரிப்பு.

பொய் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அவளுக்கு வந்த முதல் வரன் தட்டிப்போனது. ஜாதகக் குறிப்பில் என்ன ஆராய்ச்சி என்று நான் நேர்மையாக எழுதிக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளையின் அண்ணன் அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடியிருக்கிறார். தேடினால் முதலில் வருவது பால்வினை நோய். “பொண்ணு ஏதோ அசிங்கமான வியாதியோட வேலை பாக்குதாம்ல” என்று ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்தது. அதன் பிறகு நான் குறிப்பைப் புதிதாக அச்சடித்தேன். தாவர நோய் ஆராய்ச்சி. யாராவது விளக்கம் கேட்டால், திராட்சைக் கொடிக்கு வரும் நோய். எங்கள் வட்டாரத்தில் இதைவிட மரியாதையான படிப்பு கிடையாது. கார்த்திகாவுக்குக் கோபம்தான். “நாலு வருசமா நான் வளக்குற வைரஸை ஒரே ராத்திரியில கொடியில ஏத்திட்டியேம்மா” என்றாள். பிறகு விட்டுவிட்டாள்.

அடுத்த வரன் ஆண்டிபட்டி. பையன் வங்கியில் வேலை. இந்தக் கோடையில் பூ வைத்து உறுதி செய்தோம். கார்த்திகா அதற்காக ஊருக்கு வந்திருந்தாள்.

பூ வைத்த மூன்றாம் நாள் தலைவலி என்றாள். மாலையில் காய்ச்சல். வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் காற்றாட அப்பாவுடன் தோட்டத்துக்குப் போனவள் திரும்பி வந்து, “என்னம்மா ரப்பர் கருகுற வாடை?” என்றாள். வீட்டில் எதுவும் கருகவில்லை. அடுப்பையும் மின்சாரப் பெட்டியையும் போய்ப் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி. மறுபடி. நான்காம் முறை எரிச்சலில், “எந்த வாடையும் இல்ல, படு” என்று அதட்டினேன்.

ஐந்தாம் நாள் காலையில் தம்ளரை நீட்டியபோது, “இந்தச் செருப்பு வேண்டாம்” என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. தான் சொன்னது தவறு என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. 

சின்னமனூரில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு ஓடினோம். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஆண்டிபட்டிச் சம்பந்தி அம்மாள் அன்று காலையிலேயே பஸ் ஏறியிருந்தார். ஆப்பிளும் சத்துமாவு டப்பாவுமாக நேராக அங்கே வந்துவிட்டார். நல்ல மனுஷி, வாய் கொஞ்சம் நீளம். கார்த்திகாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

மருத்துவர் வயதானவர், பொறுமைசாலி. சோதித்துவிட்டுக் கேட்டார்: “பொண்ணு என்ன செய்யிது?”

நான் சம்பந்தி அம்மாளைப் பார்த்தேன். “விவசாய ஆராய்ச்சிங்க. திராட்சைக் கொடிக்கு வர்ற நோய்.”

நாக்கு பழகியிருந்தது. பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

“அப்ப பூச்சிமருந்து புழங்குற கையி. ரெண்டு மூணு நாளைக்குள்ள தோட்டத்துப் பக்கம் போனாளா?”

“நேத்து சாயந்திரம் போனா” என்றார் என் கணவர்.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். குரலைத் தணித்து, “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னு சொல்றீங்க. பிள்ளைக்குச் சம்மதம்தானா? எதையும் எடுத்துக் குடிச்சிருக்குமா?” என்றார்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை எந்த மருத்துவரும் கேட்பார். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துக் கொட்டகையிலும் மருந்து இருக்கிறது. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தப்பான எண்ணைக் கொடுத்தவள் நான். அந்த எண்ணுக்கு அவர் போட்ட கணக்கு சரி.

என் கணவர் இருசக்கர வண்டியில் தோட்டத்துக்குப் பறந்தார், டப்பாக்களை எண்ண. அரைமணி நேரத்தில் கைப்பேசியில் அழைத்தார். “எல்லாம் இருக்கு. ஆனா ஒரு பாட்டிலு மூடி தெறந்திருக்கு. கொஞ்சம் கொறஞ்சிருக்கு. நான்தான் தெறந்தேனா, தெரியலயே. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், நெனப்பு வரமாட்டேங்குதே” என்று அழுதார். முப்பது வருடத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை.

அந்த ஒரு நாளை எப்படி எழுதுவது? என் மகள் சாக விரும்பினாள் என்று நான் நம்பத் தொடங்கினேன். பூ வைத்த அன்று அவள் சிரித்த ஒவ்வொரு சிரிப்பையும் எடுத்துப் பார்த்தேன். எதிலும் நிஜம் இல்லாததுபோல் தோன்றியது. அவள் காதில் குனிந்து, “ஆத்தா, என்னத்தக் குடிச்ச, சொல்லு, நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்” என்று கெஞ்சினேன். அவள் கண்ணைத் திறந்து, “டிக்கெட் வாங்கியாச்சா?” என்றாள்.

இரவெல்லாம் குளுக்கோஸ் ஏறியது. விடிந்து ஏழு மணிக்கு அவள் வலது கை வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. பிறகு உடம்பு முழுவதும் வலிப்பு. சம்பந்தி அம்மாள்தான் அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தார்.  மருத்துவர் வலிப்புக்கு ஊசி போட்டு, ஒரு சீட்டு எழுதி, தேனியில் பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார். சீட்டில் முதல் வரி: விஷம் என்று சந்தேகம். காய்ச்சல் கடைசி வரியில் இருந்தது.

விஷம் என்று எழுதியிருந்தால் காவல்துறைக்குத் தகவல் போகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு ஏட்டு வந்தார். நாற்பது வயதுக்காரர், தன்மையாகத்தான் பேசினார். “வீட்ல ஏதும் சண்டையா? பொண்ணு வேற யாரையும் விரும்புச்சா?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். நான் பதில் சொல்லும்போது சம்பந்தி அம்மாள் மூன்றடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறிக்கொண்டே போனதைப் பார்த்தேன். அப்போதும், என் மகள் கண் திறக்காமல் கிடந்தபோதும், இந்தச் சம்பந்தம் போய்விடுமோ என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

நண்பகலில் நரம்பியல் மருத்துவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருக்கலாம். கார்த்திகாவின் கண் இமையைத் தூக்கி விளக்கடித்தார். வாயைப் பார்த்தார். கழுத்தை மெதுவாக மடக்கிப் பார்த்தார். சீட்டைப் படித்தார். திரும்பவும் கண்ணைப் பார்த்தார்.

“மருந்து குடிச்சா எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், கண்ணுமணி ஊசிமுனை மாதிரி சுருங்கும். இதுல ஒண்ணுமே இல்ல. முதல்ல என்ன வந்துச்சு?”

“தலைவலி. அப்புறம் காய்ச்சல்.”

“வேற ஏதாவது வித்தியாசமா?”

“ரப்பர் கருகுற வாடைன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. தம்ளரைச் செருப்புன்னா.”

அவர் நிமிர்ந்தார். “இவங்க என்ன வேலை பாக்குறாங்க?”

“விவசாய...” என்று என் வாய் தொடங்கிவிட்டது. ஏட்டு இருந்தார். சம்பந்தி அம்மாள் இருந்தார். என் கணவர் என்னைப் பார்த்தார்.  “சொல்லித் தொலடி” என்றார். என்னை அவர் ‘டி’ போட்டு அழைத்ததே இல்லை.

“இல்லங்க. வைரஸ் ஆராய்ச்சி. ஹெர்பிஸ். மூளை நரம்பு செல்லுல அதை வளத்துப் பாக்குறா.”

மருத்துவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். செவிலியரிடம் திரும்பி ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். அசைக்ளோவிர். “இப்பவே. ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம்.” பிறகு என்னிடம், “மூளைக்காய்ச்சல்னு நினைக்கிறேன். அந்த வைரஸே மூளைக்குள்ள போயிருக்கலாம். மணிக்கணக்கு முக்கியம்” என்றார்.

அவர் போனதும் சம்பந்தி அம்மாள் என் அருகில் வந்தார்.

“மதினி, எங்கள்ட்ட எதுக்கு மறைச்சீக?”

முதல் வரன் தட்டிப்போன கதையையும், அக்கியும் இதே குடும்பம்தான் என்பதையும் சொன்னேன்.

“போன வருசம் எனக்கு முதுகுல அக்கி வந்துச்சு. குயவர்ட்ட எழுதுனேன். அதுவும் இதோட பங்காளிதான்னு சொன்னா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?” என்றவர், சற்று நிறுத்தி, “சொல்லியிருப்பேனோ என்னமோ” என்றார். பிறகு கீழே போய் எனக்கும் என் கணவருக்கும் இட்லி வாங்கிவந்தார். கோபமாகவே பரிமாறினார்.

அன்று மாலை முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் நீர்தான் முதுகு வரை இறங்கி வருகிறது, அதில் வைரஸின் தடயம் இருந்தால் பி.சி.ஆர். சோதனையில் தெரிந்துவிடும் என்று விளக்கினார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படி ஆகாது. எம்.ஆர்.ஐ. படத்தில் இடது காதுக்கு மேலே உள்ள பகுதி வெள்ளையாக வீங்கியிருந்தது. சொற்களும் ஞாபகமும் தங்கும் இடம் என்றார்கள். இரண்டு நாளில் பி.சி.ஆர். முடிவும் வந்தது. ஐந்து வருடமாக அவள் கண்ணாடித் தட்டில் பார்த்துவந்த அதே வைரஸ்.

அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி ஒரு மலையாளப் பேராசிரியை. மருத்துவர் அவரிடம் பேசிய பிறகு நான் கைப்பேசியை வாங்கினேன். நான்கு நாளாக அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டினேன். “உங்க ஆய்வகம்தான் எம் பிள்ளைக்கு இதைக் குடுத்துச்சு” என்றேன்.

அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். “அம்மா, நாங்க அதையும் பரிசோதிக்கிறோம், ஒளிக்க மாட்டோம். ஆனா பெரும்பாலும் அப்படி இல்ல. இது வெளியில இருந்து புதுசா வர்றது குறைவு. சின்ன வயசிலேயே உள்ள வந்து, முகத்து நரம்போட முடிச்சுல உறங்கிக் கிடக்கும். நம்மள்ல நிறையப் பேருக்கு உண்டு. எங்கோ ஒருத்தருக்கு அது வெளிய வர்றதுக்குப் பதிலா மேல மூளைக்கு ஏறிரும். ஏன்னு இன்னும் முழுசாத் தெரியாது. கார்த்திகா தேடினதும் அதுல ஒரு பகுதிதான்.”

“சின்ன வயசுல எப்படி வரும்?”

அவர் தயங்கினார். “வீட்ல யாருக்காவது உதட்டுல புண்ணு இருக்கும். குழந்தையக் கொஞ்சுவாங்க.”

ஆண்டுக்கு இரண்டு முறை உதட்டுப் புண் வருவது எனக்குத்தான். கைப்பேசியை என் கணவரிடம் கொடுத்துவிட்டு அந்தத் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. ஆய்வகத்தைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இதை மருத்துவரிடம் சொன்னபோது, “பிள்ளையை முத்தம் கொடுக்காம வளக்க முடியுமா?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியைத் தினமும் ஒருமுறை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

பேராசிரியை இன்னொன்றும் சொன்னார். பயம் மிகும்போதெல்லாம் நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். அசைக்ளோவிர் ரத்தத்தில் போகும்போது தூங்கும் மருந்து. நல்ல செல்லுக்குள் போனால் ஏறக்குறைய சும்மா கிடக்கும். வைரஸ் தன் பெருக்கத்துக்காக ஒரு நொதியை நம் செல்லில் செய்யவைக்கிறது. அந்த நொதி தொட்டால்தான் மருந்து விழிக்கும். விழித்ததும் வைரஸின் நகல் வேலையை நிறுத்தும். என் கணவரிடம் இதைச் சொன்னேன். “திருடுன மோட்டாருலயே ஷாக் வைக்கிறாக” என்றார். அவர் அன்று முதல்முறையாக ஒரு தோசையை முழுதாகச் சாப்பிட்டார்.

இருபத்தொரு நாள், எட்டு மணிக்கொரு தரம். ஒவ்வொரு தரமும் ஒரு மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும். வேகமாக ஏறினால் சிறுநீரகத்தில் படிகம்போல் தங்கிவிடும் என்பதால் தண்ணீர் நிறைய ஏற்றுவார்கள், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற உப்பை அடிக்கடி அளப்பார்கள். ஒன்பதாம் நாள் அது கூடியது. மருந்தைக் குறைத்தால் மூளை, குறைக்காவிட்டால் சிறுநீரகம். மருத்துவர் அளவைக் கொஞ்சம் குறைத்தார். அந்த இரண்டு நாளும் சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. மஞ்சள் நிறத்தைப் பார்த்து நான் அவ்வளவு நிம்மதி அடைவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்ததும் பயம் குறையும் என்று நினைத்தேன். கூடியது. அங்கேதான் அவள் பேசத் தொடங்கினாள்.

“நீங்க யாரு?” என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். “சரிங்க மிஸ்” என்றாள். அவள் எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள். பள்ளியில் என்னை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நானே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அந்த வகுப்பறைக்குப் போகும் வழி மட்டும் அவளுக்குள் மிச்சம் இருந்தது போல. நான்கு நாள் நான் மிஸ்ஸாகவே இருந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். அம்மா என்று சொல் என்று கெஞ்சவில்லை. கெஞ்சிப் பார்த்து அவள் திருதிருவென்று விழித்தால் அதை என்னால் தாங்க முடியாது.

குளுக்கோஸ் மாட்டும் கம்பியைப் பந்தக்கால் என்றாள். இட்லியை டிக்கெட் என்றாள். பக்கத்துப் படுக்கையில் இருந்த கம்பம் ஊர்க்காரப் பெண்மணிக்கு இது பழகிவிட்டது. காலையில், “என்னத்தா, இன்னைக்கு எத்தன டிக்கெட்டு தின்ன?” என்பார். “மூணு” என்பாள் இவள். வார்டே சிரிக்கும். இவளும் சிரிப்பாள், ஏன் என்று தெரியாமல். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

ஐந்தாம் நாள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, “வலிக்குதும்மா, மெதுவா” என்றாள். நான் சீப்பை வைத்துவிட்டு அவள் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். “என்னாச்சு?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

பதினாறாம் நாள் பேராசிரியை சில பக்கங்களைக் கைப்பேசியில் அனுப்பினார். வாசிப்பு திரும்புகிறதா என்று பார்க்கலாம் என்றார். கார்த்திகா எழுதிய ஆய்வேட்டின் முதல் அதிகாரம். அவள் விரலை வரிக்கு வரி வைத்து அரைமணி நேரம் படித்தாள். இரண்டு பக்கம்தான் முடிந்தது.

“யாரும்மா எழுதுனது? ரொம்பத் தெளிவா எழுதியிருக்காக” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா சொன்னார்: “எங்க வீட்டுப் புள்ளதான். நல்லா படிக்கும்.”

“எனக்குப் பாதிதான் புரியுது” என்றாள். பிறகு நீண்ட நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் இறங்கியது. அது அவளுடையதுதான் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தாள்.

பூ வைத்த நாள் அவளிடம் திரும்பவில்லை. வலிப்புக்கு முந்தைய அந்த ஒரு வாரம் துடைத்துவிட்டதுபோல் போய்விட்டது. புகைப்படத்தைக் காட்டினேன். “எனக்குப் பூ வெச்சாகளா? இவருக்கா?” என்று மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தாள். “ஆளு பரவாயில்ல. ஆனா எனக்கு ஞாபகமே இல்லையே. முதல்ல இருந்து பேசச் சொல்லும்மா.”

இதை அப்படியே சம்பந்தி அம்மாளிடம் சொன்னேன். எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண் கலங்கியது. “வரச் சொல்றேன். ஆனா மதினி, பேச்சு எப்பிடி முடியும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்” என்றார். அது நியாயம். அவருடைய மகன் இரண்டு முறை வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பேராசிரியை பிறகு சொன்னார்: ஆய்வகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அது வேறு, இது வேறு. அவளுக்குள் முன்பே இருந்ததுதான். நரம்பியல் மருத்துவரிடம் ஒரு நாள் கேட்டேன், நான் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று. “அவங்க வேலை இதுக்குக் காரணமே இல்லையே. காய்ச்சலும் குழப்பமும் போதும், நான் எப்படியும் மருந்தை ஆரம்பிச்சிருப்பேன்” என்றார். “ஆனா சின்னமனூர்ல விஷம்னு சந்தேகப்படாம இருந்திருந்தா, உங்க பிள்ளை என் கைக்கு முந்தின நாளே வந்திருக்கும்.” ஆறுதலையும் உண்மையையும் அவர் ஒன்றாகவே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வலிப்பு மாத்திரை தொடர்கிறது. அவள் தனியே குளிக்கிறாள், பேருந்து எண் படிக்கிறாள், அப்பாவுடன் திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து செய்யப் போகிறாள். மாலையில் பேராசிரியையுடன் கைப்பேசியில் பேசுகிறாள். ஆய்வுக்குத் திரும்ப முடியுமா என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அவள் ஒரு சொல்லுக்காக நின்று தேடும்போதெல்லாம் நானும் செய்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன். அவள் தூங்கும்போது இரண்டு முறையாவது போய் மூச்சைப் பார்க்கிறேன்.

போன வாரம் தேனிக்கு மறுபரிசோதனைக்குப் போனோம். மருத்துவர் அவளிடம் மூன்று சொற்களைச் சொன்னார். “ஞாபகம் வெச்சுக்கங்க. அஞ்சு நிமிசம் கழிச்சுக் கேப்பேன். குடை. பாலம். எலுமிச்சை.” பிறகு நடக்கச் சொன்னார், கை நீட்டச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கணக்கு டீச்சர் மகள், மளமளவென்று கழித்தாள்.

“இப்ப அந்த மூணு வார்த்தை?”

“குடை” என்றாள். “பாலம்.”

பிறகு நின்றாள். மேசையைப் பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றுவது எனக்குக் கேட்டது. அந்த மூன்றாவது சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது, புளிப்பே தெரிந்தது. என் உதடு அசைந்திருக்க வேண்டும்.

“அம்மா, அங்கிட்டுத் திரும்பிக்க. உன் வாயப் பாத்தாலே தெரிஞ்சுரும்.”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“பழம்னு ஏதோ வருது. ஆனா அது நானா ஊகிக்கிறேனா, ஞாபகமான்னு தெரியல” என்றாள் பின்னாலிருந்து.  “வேண்டாம் டாக்டர். ரெண்டுன்னே எழுதுங்க.”

பேனா கீறும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மருத்துவர் இரண்டு என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் கட்டத்தில், போன மாதத்துத் தேதிக்கு நேரே, ஒன்று என்று இருந்தது.